சென்னைக் கடற்கரையில் படமெடுக்க லென்ஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி இதுதான்: கையில் ஒரு ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ், ஒரு நல்ல போன். பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் ஞாயிறு காலைகளில் எடுத்த படங்களில் அடிவானக் கோடும் நாலு ஃபைபர் படகும் வெளிறிப்போய்த் தெரிகின்றன, அவ்வளவுதான். கடல் உயிர்களை எடுக்க மேக்ரோ லென்ஸ் (சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) வாங்கலாமா, தண்ணீருக்குள் இறங்கும் கேமரா வாங்கலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். படம் வெளிறியதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. நேரமும் நின்ற உயரமும்தான் காரணம். சென்னைக் கரையில் உயிர்கள் இருப்பது அலை வந்து திரும்பும் அந்த நாலைந்து மீட்டர் ஈர மணலில், கணுக்காலுக்குக் கீழே. நின்றபடி கடலைப் பார்த்து எடுப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

முதலில் நேரம். நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் உதயம் சுமார் 5.42, ஜனவரி கடைசியில் சுமார் 6.36. உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, உதித்து முக்கால் மணி வரை கிழக்கே பார்த்து எடுக்கலாம். எட்டு, ஒன்பது மணிக்குப் போய் அதே திசையில் பார்த்தால் எதிர்வெயில். கடல் தகரம் போலத்தான் தெரியும். எந்த ஃபில்டரும் அதைச் சரிசெய்யாது. கடலின் பச்சையும் நீலமும் வேண்டுமானால் பிற்பகல் மூன்றரைக்கு மேல் போங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், அலை மடங்கும்போது அதன் உட்பக்கம்கூடக் கண்ணாடி மாதிரித் தெரியும். கடலில் அஸ்தமனம் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் பௌர்ணமி மாலையை மறந்துவிடுகிறார்கள். சூரியன் மேற்கே மறையும் அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் நிலாவும் அலையும் ஒரே படத்தில் சரியாக விழும். அரை மணி தாமதித்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

அடுத்தது ஏற்றம், வற்றம். சென்னையில் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களிலேயே ஒரு மீட்டருக்குள்தான். அஷ்டமி பக்கம் அதில் பாதிகூட இராது. குஜராத் கரையைப் போலக் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருந்தாலும் அந்த ஒரு மீட்டர்தான் பாறையடியைத் திறந்துகாட்டுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இங்கே ஏற்றம் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கிலும், வற்றம் பின்னிரவிலும் பிற்பகலிலும் இரண்டு, மூன்று மணி வாக்கிலும் வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த நாலாம், ஐந்தாம் நாளில் வற்றமும் உதயமும் ஏறத்தாழ ஒன்றாக வரும். நாள் குறிக்க வேண்டியது அதற்குத்தான். சரியான நேரத்தை அன்றைய ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அலை உயரத்துக்கும் கள்ளக்கடல் (தொலைவிலிருந்து திடீரென்று வரும் பேரலை) எச்சரிக்கைக்கும் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கரையில் காற்றே இல்லாத நாளிலும் தொலைவில் எழுந்த அலை வந்து ஆளை இழுக்கும். மெரினாவின் கரை சட்டென்று சரியும். கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

இனி உயிர்கள். எளிதாகக் கிடைப்பதும், பெரும்பாலோர் கோட்டை விடுவதும் மணல் நண்டுதான். சங்கப் பாடல்களில் ‘அலவன்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதேதான். பேய் நண்டு என்றும் சொல்வார்கள். கம்பு முனையில் வைத்த மாதிரிக் கண்கள், சுற்றிலும் பார்க்கும். நீங்கள் நடந்து வரும் அதிர்வே போதும், பத்து மீட்டருக்கு முன்னாலேயே வளைக்குள் போய்விடும். துரத்திப் பயனில்லை. வளை வாயில் புதிதாகத் தோண்டிய ஈர மணல், விசிறி விரித்தது போல ஒரு பக்கமாகக் கொட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது, வேலையும் முடியவில்லை. வளையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் குப்புறப் படுத்துவிடுங்கள். பழைய எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்க்காமல் மணலில் வைத்து, அதன்மேல் கேமராவை வையுங்கள். லென்ஸ் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கும், மணலும் ஏறாது, தட்டைத் தள்ளித் தள்ளித் திசையும் மாற்றலாம். 250 மி.மீ., ஷட்டர் 1/1000 விநாடி, துளை எஃப் 8, ஐஎஸ்ஓ தானியங்கி, குவியப் புள்ளி ஒன்றே ஒன்று. அதை வளை வாயில் வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாதீர்கள். முதலில் கண் இரண்டும் வரும், பிறகு ஒரு பக்கமாக உடல். முதல் தடவை வெளிவரும்போது எடுக்காதீர்கள். ஷட்டர் சத்தத்துக்கு உள்ளே போனால் இன்னொரு பத்து நிமிடம் போய்விடும். இரண்டு மூன்று முறை மணலைக் கொட்டிவிட்டுப் போன பிறகு அதற்குப் பயம் தெளிந்துவிடும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், வளையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனை மணலில் சாய்த்து வைத்து, வீடியோ ஓடவிட்டுவிட்டு விலகிப் போய்விடுங்கள். பிறகு அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்துக்கொள்ளலாம்.

அலை திரும்பும் இடத்தில் இன்னொன்று இருக்கிறது. காலடியில் குறுகுறுவென்று எல்லோரும் உணர்ந்திருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். கட்டைவிரல் அளவு, முட்டை வடிவம், மணல் நிறம், பின்பக்கமாகவே மணலுக்குள் புதையும் நண்டினம். அலை வடியும் அந்த இரண்டு மூன்று விநாடியில் மணல் பரப்பில் சின்னச் சின்னதாகக் கூரான அம்புமுனைக் கோடுகள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொரு முனையிலும் ஒன்று, இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகளை நீட்டி, வடியும் நீரிலிருந்து இரை அரித்துக்கொண்டிருக்கும். அடுத்த அலைக்குள் மடக்கிவிடும். இதை எடுக்க அலையோடு அலையாக ஓட வேண்டாம். கோடுகள் திரும்பத் திரும்ப வரும் ஒரு கைப்பிடி இடத்தைத் தேர்ந்தெடுத்து, கைக்குவியத்தில் (மேனுவல் ஃபோகஸ்) முன்னதாகவே தூரத்தை நிறுத்திவிட்டு, நீர் கண்ணாடிபோல் மெலிந்ததும் தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். 1/500-க்குக் கீழே போனால் உணர்கொம்பு மங்கிவிடும். வெயில் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நேர் மேலே இருந்தால் ஈர மணல் வெறும் பளபளப்பு.

புயலுக்குப் பிறகும், கிழக்கிலிருந்து கொண்டல் நாலைந்து நாள் விடாமல் அடித்த பிறகும், கடலின் மேற்பரப்பில் மிதப்பவை கரை ஒதுங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டிப் பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் என்கிற கடல் நத்தை ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, சுற்றிலும் நீல இழைகளோடு கிடக்கும் நீலப் பொத்தானும் அடிக்கடி வரும். மணல்மேல் எடுத்தால் இவை நசுங்கிய பிளாஸ்டிக் துண்டு போலத்தான் தெரியும், ஏனென்றால் இழைகள் விரிய நீர் வேண்டும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை கடல்நீர் ஊற்றி, அடியில் கறுப்புத் துணி விரித்து, சிரட்டையாலோ டப்பா மூடியாலோ ஏந்தி விடுங்கள். ஒரு நிமிடத்தில் இழைகள் விரியும். நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் நிழல் கிண்ணத்தில் வானத்தின் பிரதிபலிப்பை மறைக்கும்படி நில்லுங்கள், வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், நீர் சூடாகிவிடும். விரலால் தொடவே கூடாது. நீல டிராகன் தான் தின்ற சொறிமீனின் (ஜெல்லி மீன்) கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். செத்துக் கிடப்பதும் கொட்டும். கொட்டிவிட்டால் கடல்நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும்.

இயற்கைப் பாறைக் கரை நகருக்குள் நமக்குக் கிடையாது. அதற்குக் கோவளம், மாமல்லபுரம் போக வேண்டும். ஆனால் கடலரிப்பைத் தடுக்க ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கொட்டிய கற்களும் தூண்டில் வளைவுகளும் பாறைக்குரிய உயிர்களுக்கு வீடாகிவிட்டன. கொட்டலசு (கல்லில் ஒட்டி வளரும், ஓடு கூரான சிறு உயிர்), சிப்பி, ஆளி, பாசி மேயும் சின்ன நத்தைகள், கறுத்த பாறை நண்டு. வற்றத்துக்கு ஒரு மணி முன்பே போய், நீர் திரும்பத் தொடங்கியதும் ஏறிவிடுங்கள். கல் இடுக்கில் தேங்கிய நீரை எடுக்கும்போதுதான் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும், திருப்பக்கூடிய ஃபில்டர்) உண்மையில் உதவும். நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 பாகைக் கோணத்தில் கேமராவைச் சாய்த்துவிட்டு வளையத்தைத் திருப்பினால் மேலே உள்ள பளபளப்பு அணைந்து அடி தெரியும். செங்குத்தாகக் குனிந்து எடுத்தால் போலரைசரால் ஒரு பயனும் இல்லை, வெளிச்சம்தான் குறையும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடி ஷூ போடுங்கள். பாசியில் வழுக்கினால் கொட்டலசு சதையைச் சீவிவிடும். புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திரும்ப வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பது வெயில் பட்டால் ஒரு மணி நேரம் தாங்காது.

அலையை எடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை நிரந்தரம்: ட்ரைபாட் அமிழ்வது. அலை திரும்பும்போது காலைச் சுற்றிய மணலை அரித்துக்கொண்டு போகும், ஒரு பக்கம் இறங்கும், படம் முழுக்க இரட்டைக் கோடு. கால்களை அகல விரித்து, மேலிருந்து அழுத்தி ஒரு சாண் உள்ளே இறக்குங்கள். இரண்டு அலை வந்து போகட்டும். பிறகு அடிவானத்தைச் சரிசெய்து எடுங்கள். திரும்பும் நுரை கோடு கோடாக இழுபட வேண்டுமானால் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி போதும். முப்பது விநாடி வைத்தால் பனிமூட்டம்தான் மிஞ்சும், இந்தக் கரைக்கு அது அழகாகவும் இல்லை. அலை உடைந்து சிதறும் துளிகளுக்கு 1/1600. நுரையும் வெளிர் மணலும் படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து இருட்டாக எடுக்கும், எக்ஸ்போஷர் திருத்தத்தில் +0.7 கொடுங்கள். எஃப் 16-க்கு மேல் போகாதீர்கள்; சென்சாரின் ஒவ்வொரு தூசும் வானத்தில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் பக்கம் முழங்கால் உயரத்துக்கு வெண்பஞ்சு போல நுரை ஒதுங்கினால், அது கழிவுநீர் கலந்த நுரை. தூரத்திலிருந்து எடுங்கள், உள்ளே இறங்கிப் படுக்காதீர்கள்.

ஆழ்கடல் உயிர்களைக் கரையிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் காசிமேடும், ஊரூர் குப்பம் போன்ற இடங்களில் விடிகாலையில் வலை கழிக்கும் இடமும். வஞ்சிரமும் சங்கராவும் கூடைக்குப் போன பிறகு, வலையில் சிக்கி உதறிப் போட்டதைப் பாருங்கள்: பேத்தை, நட்சத்திர மீன், பெயர் தெரியாத நண்டு, சங்கு. ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்டுவிட்டுக் குனியுங்கள். கேட்காமல் நீட்டினால் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. காசிமேட்டில் ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நிற்காதீர்கள். தரை முழுக்க ஐஸும் செதிலும், பை தோளிலேயே இருக்கட்டும். இருட்டில் எல்இடி விளக்கின் கீழ் 1/1000 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது; 1/100 அல்லது 1/50 வையுங்கள், பட்டை போய்விடும். கணவாவைப் புதிதாக இறக்கிய சில நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும். தோலில் பழுப்புப் புள்ளிகள் சுருங்கி விரிந்து ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் வெறும் வெள்ளை. மீனை அடையாளம் காண எடுப்பதானால் தலை இடப்பக்கம், முதுகுத் துடுப்பு விரிந்தபடி, பக்கத்தில் ஒரு அளவுகோல்; நேரடி வெயிலில் வேண்டாம், குடையின் நிழல் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும். அப்போது போனால் பழுது பார்ப்பதும் வர்ணம் அடிப்பதும் கிடைக்கும், மீனுக்கு நாட்டுப்படகுகளைத்தான் பார்க்க வேண்டும். துறைமுக எல்லைக்குள் கேமராவைத் திருப்புவதற்கு முன் அனுமதி கேளுங்கள். ட்ரோன் என்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் பச்சை மண்டலம் (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

பங்குனி ஆமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எல்லோரும் கேட்பது அதைத்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது; தொடுவதும் மறிப்பதும் குற்றம். முட்டையிட ஏறிவரும் ஆமை வெள்ளை வெளிச்சம் பட்டால் திரும்பிவிடும். குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நோக்கிப் போக வேண்டியவை. ஃபிளாஷும் போன் டார்ச்சும் அவற்றைச் சாலைப்பக்கம் திருப்பிவிடும். ஆகவே இரவில் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவுநடை நடத்தும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இல் தொடங்கியது. நடையில் சேர்ந்து முதலில் பாருங்கள், குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் இயற்கை வெளிச்சம் இருந்தால், அவர்கள் சரி என்றால் மட்டும் எடுங்கள். தனியாக எடுக்கக்கூடிய அருமையான படம் ஒன்று உண்டு: விடியலில் ஆமையின் தடம். முக்கால் மீட்டர் அகலத்தில், இடம் வலம் மாறி மாறித் துடுப்புப் பதிந்து, கடலிலிருந்து ஏறி, வளைந்து, மீண்டும் கடலுக்கே இறங்கும் கோடு. சூரியன் ஒரு கை உயரம் ஏறுவதற்குள் எடுத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் இருக்கும். முட்டை இருக்கும் இடத்தை அடையாளம் காட்டும் படத்தை இருப்பிடத்தோடு எங்கேயும் ஏற்றாதீர்கள்.

அலை நீலமாக ஒளிரும் இரவுகள் அபூர்வம். 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர் கரைகளில் தெரிந்தது நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் வேலை. சேதி கேட்டதும் கிளம்பினால், தெருவிளக்கு எட்டாத இடமாக ஈசிஆரில் தெற்கே போங்கள். ட்ரைபாட், 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, எட்டு விநாடி, வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) 3800 கெல்வின். இருட்டில் தானியங்கிக் குவியம் தேடிக்கொண்டே இருக்கும். கூட வந்தவரைப் பத்து மீட்டர் தள்ளி டார்ச்சோடு நிற்கச் சொல்லி அதில் குவித்து, கைக்குவியத்துக்கு மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடப் படத்தில் நீலம் கூடுதலாக இருக்கும். அதையும் இன்னும் ஏற்றி ஊதாவாக்கிவிடாதீர்கள்.

தண்ணீருக்குள் எடுப்பதை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், கரையோரம் நீர் கலங்கலாகவே இருக்கும். மிதக்கும் மணல்துகள் ஒவ்வொன்றும் கேமராவின் விளக்கைத் திருப்பி அடித்துப் படத்தில் பனி பெய்யும். முக்குளிப்புக் குழுக்களோடு ஆழத்துக்குப் போனாலும் பொருளிலிருந்து அரை மீட்டருக்குள் நெருங்கி, விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால்தான் தேறும். முதலில் நீச்சலும் மிதப்புக் கட்டுப்பாடும் கைவரட்டும்.

உபகரணத்தைக் கொல்வது சென்னையில் அலையைவிட ஏசி. 24 டிகிரி அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை விடியலில் கரையில் திறந்தால் லென்ஸ் உடனே வேர்க்கும், ஏனென்றால் வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஆண்டின் பெரும்பகுதி அதே அளவில்தான் நிற்கிறது. துடைத்தால் திரும்பத் திரும்ப வரும், உள்கண்ணாடியில் வந்தால் துடைக்கவும் முடியாது. முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். காரில் போனால் பையை மூடியே வைத்து, இறங்கி அரை மணி கழித்துத் திறங்கள். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். முன்கண்ணாடியில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. ஊதுகுமிழால் மணலை ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி, பிறகுதான் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களைக் கழற்றிக் குழாய் நீரில் அலசுங்கள். போனின் ஐபி68 என்கிற நீர்த்தடுப்புத் தரம் நல்ல தண்ணீரில் சோதித்தது, கடல்நீருக்கு அது பொறுப்பேற்காது; நனைந்தால் அலசி, சார்ஜ் துளை முழுக்கக் காயும்வரை ஒயரைச் செருகாதீர்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் மாவுதான் உள்ளே போகும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

கடைசியாக, பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால்: 55-250-இன் முன்னால் திருகும் +2 டயாப்டர் (கண்ணாடியின் திறனைச் சொல்லும் அளவு) க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்று, இரண்டு கண்ணாடி சேர்த்துச் செய்தது. ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவு வகை ஓரங்களில் ஊதா படரும். லென்ஸ் முடிவிலியில் இருக்கும்போது இதன் குவியம் அரை மீட்டரில் விழும், 250 மி.மீ.-இல் பொருளின் பாதி அளவு சென்சாரில் பதியும். நீலப் பொத்தானுக்கும் உணர்கொம்புக்கும் அது போதும், கேமராவும் அலைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். கேனானின் 18-55, 55-250 எஸ்டிஎம் இரண்டுக்குமே 58 மி.மீ. திருகுதான், வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸ் மூடியின் உட்புறத்தில் போட்டிருக்கும் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.